வானத்து சிக்னலும் காருக்குள் இருக்கும் சார்ஜரும்

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஜிபிஎஸ் தடுமாறினால், உயரமான கட்டடங்கள் சிக்னலை மறைக்கின்றன என்று சொல்லிவிடலாம். காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் சாலை ஓரம் பல இடங்களில் தாழ்வான பழைய கடைவீடுகள்தான். வானம் திறந்துதானே இருக்கு? அங்கேயும் வரைபடத்தில் நம் கார் பக்கத்துத் தெருவுக்குத் தாவினால், காருக்குள்ளும் காரணத்தைத் தேட வேண்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் சிக்னல் தரையை அடையும்போது மிகவும் நலிந்துவிடும். ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுதான் அதன் திறன்.

இனி சார்ஜரைப் பார்ப்போம். காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க, அதிலுள்ள சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல லட்சம் தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. இதனால் மின் வீணாவது குறைவு. ஆனால் ஒவ்வொரு திடீர் மாற்றமும் பல அதிர்வெண்களில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். வடிகட்டியும் உலோக மறைப்பும் சரியில்லாத சார்ஜர் என்றால், அந்த இரைச்சல் ஜிபிஎஸ் அலைவரிசை வரைக்கும் எட்டலாம். சந்தைக்கடைச் சத்தத்தில் தூரத்திலிருந்து கூப்பிடும் குரல் காதில் விழுமா? அதே கதைதான்.

சிறிய மூலம் பெரிய தொல்லை தரும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2016 ஆகஸ்டிலும் நவம்பரிலும் வட்டப்பாதை ரயில்கள் திடீர் திடீரென நின்றன. தரவு ஆய்வாளர்கள் சம்பவங்களின் நேரம், இடம், ரயில் சென்ற திசை ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். எதிர்த்திசையில் கடந்துசென்ற பிவி46 என்ற ஒரே ரயிலின் பழுதான சிக்னல் கருவிதான் குறுக்கீட்டுக்குக் காரணம் என்பது தெரியவந்தது. அது ஜிபிஎஸ் இல்லை. ஆனால் தேடிய முறை நமக்குப் பாடம்.

காரைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, செயற்கைக்கோள் சிக்னலின் வலிமையைக் காட்டும் செயலியைத் திறங்கள். சார்ஜரைச் செருகியும் கழற்றியும் சில தடவை அளவிடுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். கழற்றியதும் ஒவ்வொரு முறையும் சிக்னல் கூடினால், சார்ஜர்தான் காரணம். ஃபெரைட் வளையம் கேபிளில் பரவும் இரைச்சலைக் குறைக்கும். சார்ஜரிலிருந்தே நேராக வெளிப்படுவதை அது தடுக்காது. சார்ஜரைத் தள்ளி வைப்பது அல்லது தரமானதாக மாற்றுவது நல்லது.

2023 நவம்பரில் பொருத்தத் தொடங்கிய புதிய மின்னியல் சாலைக் கட்டணக் கருவியும் செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பியதுதான். ஆகவே இது ஓட்டுநர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை; நகரமே சார்ந்திருக்கும் சிக்னல் இது.

வகுப்புக்கு: ஏஎம் வானொலிக்கு அருகே சார்ஜரைக் கொண்டுபோய், பிறகு மெல்ல விலக்குங்கள். இரைச்சல் எப்படி மாறுகிறது? ஏன்? மாணவர்கள் தம் சொற்களில் விளக்கட்டும்.