வேர்க்கடலையில் தண்டழுகல்: என் மூடாக்கு கற்றுக்கொடுத்த பாடம்

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ராத்திரி நல்ல மழை. காலையில் வயலுக்குப் போனால் கடலைச் செடிகள் பாய் விரித்த மாதிரி பச்சைப்பசேல் என்று இருந்தன. பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. களை எடுக்க வரும் பெரியம்மா மட்டும் ஓரிடத்தில் குனிந்து நின்றுவிட்டார்.

"சார், இங்க வந்து பாருங்க. இந்தக் கிளை மட்டும் தலை தொங்குது."

"மழைதான் பெய்ஞ்சிருக்கே, அப்புறம் ஏம்மா வாடுது?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. செடியின் அடியில் நான் ஒரு மாதத்துக்கு முன்னால் பரப்பியிருந்த வைக்கோலைக் கையால் விலக்கினார். தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் வெள்ளை வெளேரென்று பஞ்சு பிடித்திருந்தது. அதற்கு நடுவில் கடுகைக் கொட்டின மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள். செடியைப் பிடித்து இழுத்தார். தண்டு கையோடு வந்தது. காய்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன.

"மல்லாட்டைக்கு வைக்கோலைப் போத்தாதீங்கன்னு அப்பவே சொன்னேனே சார்."

சொன்னார்தான். நான்தான் கேட்கவில்லை.

எங்கள் நிலம் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பக்கம், செய்யாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மணல் கலந்த செம்மண். கடலைக்கு ஏற்ற மண்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இயற்கை வழியில்தான் விவசாயம் என்று முடிவு செய்து இறங்கியவன் நான். நம்மாழ்வார் ஐயா காட்டிய பாதையில் மூடாக்கு என்பது நமக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தை எந்தப் பயிருக்கு, எப்போது, எவ்வளவு என்று யோசிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். கடலை 30 நாள் ஆனதும் களை எடுத்துவிட்டு, வைக்கோலையும் பச்சைக் கிளிரிசிடியா தழையையும் செடியின் கழுத்து வரைக்கும் மெத்தை மாதிரி போட்டுவிட்டேன்.

அன்று நான் பார்க்காத செடி

அந்தச் செடியைக் கையில் வைத்திருந்தபோது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கிராமக் கிளை ஒன்றில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு விவசாயி மஞ்சள் பையில் நாலு கடலைச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். "அடியில இருந்து போவுது சார், தவணையைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டார். "மேல பச்சையாத்தானேய்யா இருக்கு?" என்று சொல்லி, விதிமுறையை எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவரே மனைவியின் தோடுகளை அடகு வைக்க வந்தார். அந்த நகைக்கடன் தாளில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

தண்டழுகல் அப்படிப்பட்ட நோய். மேலே பச்சை காட்டிக்கொண்டே அடியில் வேலையை முடித்துவிடும். வயல் முழுக்க ஒரே சமயத்தில் வராது, திட்டுத் திட்டாக வரும். பயிர்க் காப்பீடு ஒரு பகுதியின் மொத்த மகசூலைக் கணக்கிட்டு வருவது. நம் ஒருவர் வயலில் நாலு திட்டு போனதற்கு அதில் வழியில்லை. ஆகவே வரும் முன் காப்பதுதான் நமக்கு உள்ள ஒரே காப்பீடு.

எந்த அழுகல் என்று முதலில் பாருங்கள்

கடலையில் செடி வாடினால் எல்லாவற்றையும் "வேரழுகல்" என்று சொல்லிவிடுகிறோம். பிடுங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

முளைத்த ஒரு மாதத்துக்குள் செடி சாய்ந்து, கழுத்தில் கரி பூசின மாதிரி கறுப்புப் பொடி இருந்தால் அது கழுத்தழுகல். அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் வேலை.

வறட்சியில், மண் சூடேறிக் கிடக்கும்போது செடி காய்ந்து, வேரின் பட்டை நார் நாராக உரிந்தால் அது வேரழுகல். உரிந்த இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

செடிகள் ஒன்றோடு ஒன்று கூடி நிலத்தை மூடிய பிறகு, மழை ஈரமும் புழுக்கமும் சேரும்போது, முதலில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகித் தொங்கி, அடியில் வெள்ளைப் பஞ்சும் கடுகு உருண்டையும் இருந்தால் அதுதான் தண்டழுகல். உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு பழுப்பாகும்.

சந்தேகம் இருந்தால் செடியை வேர் மண்ணோடு ஒரு பையில் போட்டு, காட்டுப்பாக்கம் மாதிரி பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

இந்தப் பூஞ்சையின் பெயர் ஸ்கிளிரோஷியம் ரால்ப்சி. அமெரிக்காவின் புளோரிடாவில் 1892இல் தக்காளிச் செடிகள் இதனால் அழுகியதைப் பதிவு செய்தவர் ரால்ப்ஸ் என்ற ஆய்வாளர். அவர் பெயரே பூஞ்சைக்கும் வந்தது. 500க்கும் மேற்பட்ட செடிவகைகளில் இது தொற்றும். தக்காளி, மிளகாய் மட்டுமல்ல, நம் ஊர்க் கோயில்களுக்கு மாலையாகப் போகிற மல்லியும் சம்பங்கியும் இதற்குத் தப்புவதில்லை. கடலை போடாதவர்களும் மேலே படியுங்கள்.

பூஞ்சைக்கு நானே வைத்த சாப்பாடு

கடுகு உருண்டைதான் இதன் விதை மாதிரி. மேல்மண்ணில் மூன்று நான்கு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் முளைக்கும். ஆனால் முளைத்த பூஞ்சை நேரே உயிருள்ள தண்டுக்குப் போவதைவிட, பக்கத்தில் மக்காத சருகு, தழை, வைக்கோல் கிடந்தால் முதலில் அதைத் தின்று பலம் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பலத்தோடு தண்டுக்குத் தாவி, ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து திசுவைச் சாகடித்துவிட்டு உள்ளே போகிறது.

அதாவது நான் போட்ட வைக்கோல் நிலத்துக்கு மூடாக்கு, பூஞ்சைக்கோ பந்தி. ஈரமும் இருந்தது, நிழலும் இருந்தது, சாப்பாடும் இருந்தது. தண்டு வரைக்கும் பாலமும் நானே கட்டிக் கொடுத்திருந்தேன்.

இதற்குக் காற்று வேண்டும். அதனால் மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் இதன் ஆட்டம். ஆழமாகப் புதைந்த உருண்டைகள் சரியாக முளைப்பதில்லை. இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மூடாக்கு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. என் வாழையும் தென்னையும் இன்றும் மூடாக்கில்தான் நிற்கின்றன. மக்காத பொருள் ஈர காலத்தில் இளந்தண்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். கடலையில் விழுது மண்ணில் இறங்க வேண்டும் என்பதால் கனத்த மூடாக்கு எப்படியும் இடைஞ்சல்தான்.

நோய் கண்ட பிறகு செய்தவை

வாடிய செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் காப்பாற்றுவது பக்கத்துச் செடிகளைத்தான்.

முதலில் வைக்கோலை எல்லாம் வரிசைக்கு நடுவே இழுத்து, அங்கிருந்தும் கூடையில் அள்ளி வெளியே கொண்டுவந்தோம். கழுத்துப் பகுதியில் வெயிலும் காற்றும் படும்படி செய்தோம்.

வாடிய செடிகளை மேல்மண்ணோடு சேர்த்து மண்வெட்டியால் வெட்டி, உதறாமல் சாக்கில் போட்டு வரப்புக்கு வெளியே எரித்தோம். எருக்குழியில் போடவே கூடாது. அரைகுறையாக மக்கிய எருவோடு உருண்டைகள் அடுத்த வருஷம் வயலுக்கே திரும்பி வரும். அந்த மண்வெட்டியையும் கழுவித்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாவதாக, பாசனத்தை நிறுத்தி வடிகால் வெட்டினோம். நோய் வந்த திட்டின் வழியாகத் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

நான்காவதாக, திட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து சாயங்கால வேளையில் செடியின் அடியில் ஊற்றினோம். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. ஒரு வரிசைக்குப் புளித்த மோரும் ஊற்றிப் பார்த்தேன். மற்ற வரிசைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

திட்டுகள் பரவுவது நின்றது. ஆனால் 80 சென்டில் வழக்கமாக 40 கிலோ மூட்டையில் 15, 16 கிடைக்கிற இடத்தில் 9 மூட்டைதான் வந்தது.

அடுத்து மாற்றிக்கொண்டவை

அந்த வயலில் நவரைக்கு நெல் போட்டேன். தண்ணீர் கட்டி நிற்கும் மண்ணில் உருண்டைகள் பல அழுகிப் போகும். அடுத்த ஆடிக்குக் கடலையை வேறு வயலுக்கு மாற்றி, இங்கே கேழ்வரகு. நெல், கேழ்வரகு, கம்பு, சோளம் என்று புல்லினப் பயிர்களை இடையில் வைத்தால் நோயின் பலம் குறையும். கடலைக்குப் பின் தக்காளியோ மிளகாயோ வைத்தால் அதே பூஞ்சைக்கு அடுத்த வேளைச் சாப்பாடு.

மறுபடி அங்கே கடலை போடும் முன் சித்திரையில் சட்டிக் கலப்பையால் ஒரே ஒரு முறை ஆழ உழுது, மேல்மண்ணையும் சருகையும் அடியில் புரட்டினேன். "அகல உழுவதை ஆழ உழு" என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்துகிறது. உழாத வேளாண்மையில் நம்பிக்கை உள்ள நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நோய் கண்ட வயலுக்கு மட்டும், ஒரு தடவை. அதன் பிறகு மேலோட்டமான உழவுதான். திரும்பவும் ஆழ உழுதால் புதைத்ததை நாமே மேலே கொண்டுவந்துவிடுவோம்.

விதைப்பதற்கு 15 நாள் முன்பு, ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 100 கிலோ நன்றாக மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழலில் ஒரு வாரம் வைத்துப் பிறகு தூவினேன். கூடவே 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. விதைக்கும் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா நேர்த்தி. பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். அது உயிர். காலம் கடந்தால் வெறும் பொடிதான். சாம்பலோடும் சுண்ணாம்போடும் சேர்க்காதீர்கள்.

வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டேன். 40, 45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஜிப்சம் போடும் முன் சான்றளிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மண் அணைக்கும்போது கிளையும் இலையும் மண்ணுக்குள் புதையக் கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1950களிலேயே இதைச் சோதித்து, செடி மேல் மண் தள்ளாத வயல்களில் தண்டழுகல் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு இலைப்புள்ளி நோயையும் கவனிக்க வேண்டும். அதனால் உதிரும் சருகும் இந்தப் பூஞ்சைக்குத் தீனிதான்.

அந்தப் பட்டத்தில் இரண்டே இடத்தில்தான் வெள்ளைப் பஞ்சு கண்டது. 14 மூட்டை வந்தது. நோய் அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. கட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுத் தோட்டம், பூ நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அக்னி நட்சத்திர சமயத்தில் மண்ணை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரம் மூடி நாலு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் உள்ள உருண்டைகள் பெரும்பாலும் சூட்டில் செத்துவிடும்.

அறுவடையோடு முடியவில்லை

நோய் வந்த திட்டின் காய்களை நல்ல காயோடு கலக்காதீர்கள். அரிபட்ட காயில் அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பச்சைப் பூசணம் சுலபமாக ஏறும். அது உண்டாக்கும் நஞ்சுதான் அப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் இது தெரியவந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் நாம், நஞ்சில்லா உணவு என்று சொல்லி விற்கிறோம். காயைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும்வரை காயவைப்பதும், பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிவதும் அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் மரியாதை.

எங்கள் வீட்டில் என் தாத்தா காலம் வரை தறி ஓடியது. அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும். அந்த நாட்களில் தாத்தா காலையில் எழுந்ததும் முதலில் குழிக்குள் கையை விட்டுப் பார்ப்பார், பிறகுதான் பாவைத் தொடுவார் என்று அப்பா சொல்லுவார். இப்போது மழை பெய்த மறுநாள் நானும் வயலுக்குப் போனதும் பச்சையைப் பார்த்து மகிழ்வதில்லை. பெரியம்மாவோடு வரிசையில் குனிந்து, செடியின் கழுத்தைத்தான் முதலில் விலக்கிப் பார்க்கிறேன். மஞ்சள் பையோடு வந்த அந்த விவசாயியின் செடியையும் அன்று இப்படிக் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம்.