தருமபுரத்துக்கு கவுன்சிலர் எங்கே?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். காரைக்கால் தருமபுரத்துல தெருவிளக்கு எரியலன்னா யார்கிட்ட சொல்வீங்க? "வார்டு கவுன்சிலர்கிட்ட"ன்னு சென்னைக்காரங்க டக்குனு சொல்லிடுவீங்க. ஆனா இங்க அப்படி ஒருத்தரே கிடையாது.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல 1968ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. அடுத்தது 2006ல. நடுவுல 38 வருஷம்! 5 வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம்னு அரசியல் சட்டத் திருத்தம் 1993லயே அமலுக்கு வந்தாச்சு. ஆனா 2006ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011ல முடிஞ்ச பிறகு மறுபடி தேர்தல் இல்ல. 2021ல தேதி அறிவிச்சாங்க. இட ஒதுக்கீட்டுச் சிக்கல்ல அதுவும் நின்னுபோச்சு. காரைக்கால் நகராட்சியையும் 5 கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளான ஆணையர்கள்தான் நடத்துறாங்க.

"கொம்யூன்"ங்கிறது பிரெஞ்சு வார்த்தை. 1880லயே காரைக்காலுக்கு நகரசபை வந்துடுச்சு. அடிதடி, கள்ள ஓட்டு எல்லாம் இருந்தாலும், உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த சபை அது. அதே வருஷம் ஆப்பிரிக்காவுல, செனகலின் ரூஃபிஸ்க் நகரமும் கொம்யூன் ஆச்சு. செனகலின் இன்னொரு கொம்யூனான சான் லூயில 1920கள்ல மேயரா இருந்தவர் லாமின் கேய். பிற்பாடு அவர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார். காலனி மக்களுக்குக் குடியுரிமை தந்த 1946 சட்டம் அவர் பேர்லதான் இருக்கு. ஊர்ச் சபையில தொடங்கின பயணம் அது.

நம்ம பக்கத்துலயும் உதாரணம் உண்டு. சென்னைக்குப் பக்கத்துல குத்தம்பாக்கம். கெமிக்கல் இன்ஜினியர் இளங்கோ 1996ல அங்க பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். அந்த அனுபவத்தை வச்சு மற்ற தலைவர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார். முதல்ல பதவி, அப்புறம்தான் வகுப்பு. அந்த வரிசையைக் கவனிங்க.

கோடிங் மாதிரிதான் இதுவும். டுடோரியல் எத்தனை பார்த்தாலும், லைவ் சர்வர்ல பக் வந்து ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணும்போதுதான் வேலை புரியும். குடிநீர்க் குழாய்க்கா, சாக்கடைக்கா, எதுக்கு முதல்ல காசுன்னு பத்து பேர் முன்னாடி சண்டை போட்டு, தோத்து, கணக்கும் காட்டினாதான் ஜனநாயகம் கைக்கு வரும். 2006க்குப் பிறகு வாக்காளர் ஆன காரைக்கால் இளைஞர் ஒருத்தருக்கும் அங்க உள்ளாட்சிக்கு ஓட்டுப் போடற வாய்ப்பே கிடைக்கல. அப்புறம் எப்படி அதுல நிக்கக் கத்துப்பாங்க?

இப்போதைக்கு ரெண்டு விஷயம் செய்யலாம். உங்க கொம்யூன் இல்லன்னா நகராட்சியோட வரவு செலவு விவரத்தை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. சட்டமன்றத்துக்கு ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட, "எங்க கவுன்சிலர் தேர்தல் எப்போ?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.