தோட்டத்துத் தேன்சிட்டு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிரம்பான், பகாவ், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் ஒரு சிறு பறவை காலைவேளையில் பூவுக்குப் பூ தாவித் தேன் குடிப்பதைக் காணலாம். இதனைப் பலர் ரீங்காரச்சிட்டு என்று எண்ணிவிடுகின்றனர். ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. இங்குக் காண்பது தேன்சிட்டு. மலாய்மொழியில் இதனைக் 'கெலிச்சாப்' என்பர்.

இதன் நீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்தான். ஆண், பெண் இரண்டுக்கும் வயிறு மஞ்சள்; முதுகு பச்சை கலந்த பழுப்பு. ஆணின் தொண்டை நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டதும் நீலமாக மின்னும். பெண்ணுக்கு அந்த மினுமினுப்பு இல்லை.

ரீங்காரச்சிட்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். தேன்சிட்டும் நொடிப்பொழுது அவ்வாறு நிற்கும்; ஆயினும் பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே வளைந்த அலகை நுழைக்கும். இரண்டும் நெருங்கிய உறவினமல்ல. ஒரே வகை உணவைத் தேடியதால் நீண்ட அலகும் குழல் போன்ற நாக்கும் இரண்டுக்கும் தனித்தனியே அமைந்தன.

செம்பருத்தியிடம் இது சற்றுக் குறும்பு காட்டும். பூவின் அடிப்பகுதியைத் துளைத்துத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், மகரந்தத்தைத் தொடுவதேயில்லை. அது 1960ஆம் ஆண்டு முதல் நாட்டின் தேசிய மலராயிற்றே என்றெல்லாம் தேன்சிட்டு பார்ப்பதில்லை! மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டால், எதிரி வந்துவிட்டதாக எண்ணி ஆண் சிட்டு அதனைக் கொத்துவதும் உண்டு.

வரிசையாக நிற்கும் செம்பனை மரங்களைவிட, செம்பருத்தியும் இட்லிப்பூவும் வாழையும் உள்ள லயத்து வீட்டு முற்றங்களே இதற்கு ஏற்றவை. கூட்டையும் அங்கேயே கட்டும். பெண் சிட்டு காய்ந்த புல், நார், இலைத்துணுக்கு ஆகியவற்றைச் சிலந்தி நூலால் பிணைத்து, துணிக்கொடியிலோ பூந்தொட்டியிலோ பைபோலத் தொங்கவிடும். பக்கவாட்டில் வாசல்; அதன்மேல் சிறு கூரை. கீழே குப்பைபோல் சில நார்கள் தொங்கும். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். குஞ்சுகளுக்குத் தேன் மட்டும் போதாது. வளர்வதற்குப் புரதம் வேண்டும். ஆகவே, தாயும் தந்தையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்து வந்து ஊட்டும்.

குப்பைபோல் தோன்றுவதால் கூடு எதிரிகளின் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஆனால், அதே தோற்றத்தால் அது ஒட்டடைக்கோலுக்கு இரையாகிவிடுகிறது. ஒட்டடை என்று நினைத்து இழுத்தால் முட்டைகளும் சேர்ந்தே விழும். முட்டையிட்டது முதல் குஞ்சுகள் பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதந்தான். கூட்டை அடையாளம் கண்டுகொண்ட வீடுகளில், அந்த ஒரு மாதம் துணிகள் வேறு கொடியில் காய்கின்றன.