கடைக் கணிப்பொறிக்கு வாரம் ஒருமுறை

நார்த்தாமலை என்னும் பெயர் ‘நகரத்தார்மலை’ என்பதன் திரிபு என்பர். சோழர் காலத்தில் இவ்வூர் வணிகக் குழுவினரின் இருப்பிடமாக விளங்கியது. ஊர்க் கல்வெட்டுகளில் நகரத்தார் பேசப்படுகின்றனர். அவர்கள் எழுதி வைத்தது கல்லில். ஆதலால் ஆயிரம் ஆண்டு கழிந்தும் படிக்க முடிகிறது. இன்று அதே ஊரைச் சுற்றியுள்ள கடைக்காரர்களின் கணக்கு ஒரு கணிப்பொறிக்குள் இருக்கிறது. அது ஒரே பிற்பகலில் அழிந்துபோகக் கூடும். அழிந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அதற்குக் காரணமாயிருந்தேன் என்பதே உண்மை.

விடுமுறை நாட்களில் நான் ஓர் இரும்புக் கடையில் பில் போடுகிறேன். சிமெண்ட், கம்பி, பெயிண்ட் ஆகியவை வியாபாரம். பாதிக்கு மேல் கடன் பற்று. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது முழுவதும் கணிப்பொறியில்தான். பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்காக ஒரு துண்டறிக்கை தயாரிக்கும்படி முதலாளி சொன்னார். படம் வரையும் மென்பொருளை விலைக்கு வாங்க வழியில்லை. பூட்டை உடைத்துத் தரும் ‘கிராக்’ ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். ‘முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்கவும்’ என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினேன். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வா என்று திருடன் சொல்ல, அப்படியே செய்தவன் போலாயிற்று என் கதை.

சிறிது நேரத்தில் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் நான்கு புதிய எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. எதுவும் திறக்கவில்லை. ஒரு குறிப்பு மட்டும் திறந்தது: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்திற்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490 டாலர் போதும்.

“பயப்படாத தம்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு” என்றார் முதலாளி. இருந்தது. ஆனால் கழற்றும் வழக்கம் இல்லாததால் அது கணிப்பொறியிலேயே செருகியபடி இருந்தது. அதிலும் அதே நான்கு எழுத்துகள்.

இது ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியு’ எனப்படும் பணயத் தீநிரல் வகை என்று பின்னர் அறிந்தேன். இத்தகைய நிரல் கோப்புகளைத் திருடிச் செல்வதைவிட, இருந்த இடத்திலேயே மறையாக்கம் செய்கிறது. நம் கோப்பு நம்மிடமே இருக்கும். அதைத் திரும்பப் படிப்பதற்கான திறவுகோல் மட்டும் அவனிடம் இருக்கும். அத்திறவுகோலை ஊகித்துக் கண்டுபிடிப்பது இன்றைய எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இவ்வினத்தின் பழைய வகைகள் பலவற்றுக்கு இலவச மீட்பு நிரல் வெளியிட்டது. எங்களுக்கு வந்தது புதிய வகை, பொருந்தவில்லை. பணம் கட்டவில்லை; கட்டினாலும் திறவுகோல் வரும் என்பதற்கு யார் பொறுப்பு? பற்று வைத்தவர்களில் பலர் தாமே வந்து தொகையைச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. முதலாளி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம். 1904இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரி 6ஆம் நாள் மாலை நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்திற்கான ‘ஸ்விஃப்ட்’ அமைப்பின் வழியாக ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று போலி ஆணைகள் துபாய், துருக்கி, சீனம் ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வோர் ஆணைக்கும் ஒப்புகைச் செய்தி அச்சாகி வருவது வழக்கம். அன்று அந்த அச்சுப்பொறியையே திருடர்கள் செயலிழக்கச் செய்திருந்தனர். மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டபோதுதான் செய்தி வெளிப்பட்டது. துபாய்க்கான 5 லட்சம் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது. 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் மத்திய வங்கியில் நடந்த பெருந்திருட்டிலும் அச்சுப்பொறி இவ்வாறே முடக்கப்பட்டிருந்தது. அச்சுப்பொறி நின்றால் தாள் சிக்கியிருக்கும் என்றுதானே நாமும் நினைப்போம்? நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே. ஒரு வாரம் காத்திராமல் மறுநாள் காலையே கணக்குப் பார்க்கும் வழக்கம் இருந்ததால்தான் அவ்வங்கிக்குத் திருட்டு அத்தனை விரைவில் தெரியவந்தது.

மென்பொருளைப் புதுப்பித்தல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் 2017 மே 12 அன்று ஏறக்குறைய 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. கண்மாய்க் கரையில் ஓட்டை என்று சொல்லி, மண்ணையும் கொண்டுவந்து கொட்டிய பிறகு, இரண்டு மாதம் யாரும் மண்வெட்டியைத் தொடாதது போன்றது இது. நம் பக்கத்துக் கடைகளில் ‘விண்டோஸ் 10’ இன்னும் ஓடுகிறது. அதற்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன என்பதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லலாம்.

இப்போது எங்கள் கடையில் சனிக்கிழமை இரவு கடை எடுத்துவைக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குகிறோம். திருத்தங்கள் ஏறியுள்ளனவா, வைரஸ் தடுப்பு விழித்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பில் போடுவதற்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு. புதிதாக ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமானால் முதலாளியிடம்தான் கடவுச்சொல் கேட்க வேண்டும். இது முன்பே இருந்திருந்தால், கேட்பதற்கு வெட்கப்பட்டாவது நான் அந்தக் கிராக்கை விட்டிருப்பேன். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்தாயிற்று. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் எண்ணைக் கல்லாப்பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கணக்கை இரண்டு பென் டிரைவ்களில் எடுக்கிறோம். எடுத்தவுடன் கழற்றிவிடுகிறோம். ஒன்று கடையில், மற்றொன்று முதலாளி வீட்டு பீரோவில். கடையில் தீப்பிடித்தாலும் வீட்டில் உள்ளது தப்பும். ஆனால் நகல் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த நகலை என் நண்பனின் மடிக்கணினியில் போட்டு, ஏதேனும் ஒருவர் பற்றைத் திறந்து, தொகை சரிதானா என்று பார்க்கிறோம். மூன்றாம் வாரம் நீல நிறப் பென் டிரைவ் திறக்கவே இல்லை. கணக்குக் கணிப்பொறியில் பத்திரமாக இருக்கும்போதே அது தெரிந்துவிட்டது. மறுநாள் கீரனூர் போய் வேறொன்று வாங்கிவந்தேன்.