ஓடாத நீர் சூடேறாது

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும், நிலமெல்லாம் பனியால் மூடிக் கிடக்கும் குளிர்காலத்தில், வீட்டின் பின்புறத்துத் திறந்தவெளியில் ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீருக்குள் அமர்ந்து, நாளெல்லாம் உழைத்த உடம்பின் வலியைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் சென்ற ஐம்பது, அறுபது ஆண்டுகளில் வெகுவாகப் பரவியிருக்கிறது. 'ஹாட் டப்' என்று அங்கே வழங்கும் அந்தத் தொட்டி, குளித்து முடித்ததும் நீரைத் திறந்துவிடும் சாதாரணக் குளியல் தொட்டியைப் போன்றதன்று. ஏறக்குறைய 1500 லிட்டர் நீரை மாதக்கணக்கில் தன்னிடத்தே வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப வடிகட்டி, மருந்திட்டுச் சுத்தி செய்து, இரவும் பகலும் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான உஷ்ணத்தில் காத்துவருவது. ஆகையால், ஒரு நாள் காலை மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்க்கையில் நீர் சில்லென்றிருந்தால், ஸ்நான சுகம் போயிற்றே என்பதோடு அந்த வீட்டாரின் கவலை நின்றுவிடுவதில்லை. வெளியே நீர் உறையும் குளிர் நிலவும்போது அந்தக் குறை நீடித்தால், குழாய்களுக்குள் நீர் பனிக்கட்டியாகி விரிந்து, குழாயையும் பம்பையும் பிளந்துவிடும்.

இத்தகைய சமயத்தில் எவருக்கும் முதலில் சந்தேகம் எழுவது ஹீட்டரின் மேல்தான். சூடு இல்லையென்றால் சூட்டைத் தரும் சாதனம் கெட்டிருக்கவேண்டும் என்று அநுமானித்துப் புதிய ஹீட்டர் வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த யந்திரத்தின் அமைப்பை நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், நீர் ஓடவேண்டிய வேகத்தில் ஓடவில்லை என்பதை உணர்ந்து, யந்திரமே தன் ஹீட்டருக்கு மின்சாரத்தைத் தர மறுத்திருப்பதுதான் பல சமயங்களில் உண்மையான காரணம் என்பது புலப்படும்.

இந்தத் தொட்டியின் பூர்வ சரித்திரமே பம்பிலிருந்து தொடங்குகிறது. இத்தாலியின் வடகிழக்குப் பகுதியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறி, பெர்க்லி நகரில் தொழில் நடத்திய ஜக்கூசி சகோதரர்கள், முதலில் ஆகாய விமானங்களுக்கு மரத்தால் சுழல்விசிறி செய்தவர்கள். பின்னர் கிணற்று நீரை இறைக்கும் ஜெட் பம்புகளில் பேர்பெற்றவர்கள். அவர்களுள் ஒருவரான கேண்டிடோ ஜக்கூசியின் மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம் கண்டது. ஆஸ்பத்திரியில் அளிக்கப்பட்ட நீர்ச் சிகிச்சை மகனுக்கு ஆறுதல் தருவதைக் கண்ட தந்தை, அதே பயனை வீட்டிலேயே பெறுவதற்காக, குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கக்கூடிய சிறிய பம்பு ஒன்றை உருவாக்கினார். அது 1956-இல் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூசி, நீரைப் பீய்ச்சும் துளைகளைத் தொட்டியின் சுவரிலேயே பொருத்திவிட்டார். ஒரு தந்தையின் வாஞ்சையில் பிறந்த இந்தக் கருவியில் நீரின் ஓட்டமே பிரதானம் என்பதை, அதைப் பழுதுபார்க்கப் புகும் எவரும் மறவாதிருத்தல் நன்று.

தொட்டியின் அடியில் அடுப்பு எதுவும் இல்லை. பம்பு நீரை உறிஞ்சி, மடிப்பு மடிப்பான ஃபில்டர் வழியே இழுத்து, முழங்கை நீளமே உள்ள ஓர் உலோகக் குழலுக்குள் செலுத்துகிறது. மின்சாரத்தால் சூடேறும் சுருள் இருப்பது அந்தக் குழலுக்குள்தான். அதைத் தழுவிச் செல்லும் நீர், சிறிதளவே சூடேறித் தொட்டிக்குத் திரும்புகிறது. திரும்பிய நீர் மறுபடியும் சுற்றி வருகிறது. 240 வோல்ட்டில் இயங்கும் சுருளின் திறன் 5.5 கிலோவாட் என்றும், குழலுக்குள் ஒரு சமயத்தில் நிற்கும் நீர் இரண்டு லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பம்பு நின்றுபோய்ச் சுருள் மட்டும் எரிந்துகொண்டிருந்தால், 20 டிகிரியில் இருக்கும் அந்த இரண்டு லிட்டர் நீர் இரண்டே நிமிஷங்களில் கொதிநிலையை எட்டிவிடும். அதன்பின் நீர் ஆவியாகிச் சுருள் வறண்டுபோகும். குழல் பழுத்து, அருகிலுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் உருகத் தொடங்கும்.

இந்த அபாயத்தைத் தடுப்பதற்காகவே அடுக்கடுக்காகக் காவல் சாதனங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நீரின் ஓட்டத்தையோ அழுத்தத்தையோ அறியும் ஒரு சுவிட்ச், ஓட்டம் குறைந்தால் ஹீட்டரின் இணைப்பைத் துண்டிக்கிறது. அதையும் மீறி நீர் ஏறத்தாழ 48 டிகிரியை எட்டினால், உச்சவரம்பு சுவிட்ச் என்னும் மற்றொன்று விழித்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்துகிறது; பல தொட்டிகளில் கையால் பொத்தானை அழுத்தினாலன்றி அது மீண்டும் இணைவதில்லை. நீர் குளிர்ந்திருக்கிறதே என்று நாம் வருந்தும் நேரத்தில், இந்தக் காவலர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது.

எனவே பரீக்ஷையை நீரிலிருந்தே தொடங்கவேண்டும். நீர்மட்டம் உறிஞ்சு துவாரத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் பம்பு நீரோடு காற்றையும் இழுக்கும். ஃபில்டரின் மடிப்புகளில் உடம்பின் எண்ணெய்ப் பசையும் சோப்பும் அழுக்கும் அடைந்திருந்தால் ஓட்டம் மெலியும். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் தொட்டியை இயக்கிப் பார்க்கையில் ஹீட்டர் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கினால், குற்றவாளி அகப்பட்டுவிட்டதென்று கொள்ளலாம். பழைய நீரைக் கொட்டிப் புது நீர் நிரப்பிய மறுகணமே சூடு நின்றுபோனால், குழாயில் சிறைப்பட்ட காற்றைச் சந்தேகிக்கவேண்டும். பம்பு சுழலும் ஓசை கேட்கும், ஆனால் நீர் நகராது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பம்பின் இணைப்பு நட்டைச் சிறிதே தளர்த்தினால், காற்று சீறிக்கொண்டு வெளியேறி, பின்னால் நீர் கசியத் தொடங்கும், உடனே இறுக்கிவிடவேண்டும். ஒரு காசும் செலவில்லாத இந்தச் சிகிச்சை எத்தனையோ ஹீட்டர்களைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கும்.

ஓட்டம் குறைவற இருந்தும் நீர் சூடேறவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு, உண்மையில் வேண்டியது பொறுமை. 1500 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 6300 கிலோஜூல் சக்தி வேண்டும், 5.5 கிலோவாட் ஹீட்டர் நஷ்டமே இல்லாமல் உழைத்தாலும் மணிக்கு மூன்று டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏற்ற முடியும். அமெரிக்க வீடுகளின் சாதாரண பிளக்கில் கிடைப்பது 120 வோல்ட். மின்தடை மாறாதிருக்கையில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும் என்று 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் நிறுவிய விதியின்படி, 240 வோல்ட்டில் 4 கிலோவாட் தரும் சுருள், மின்னோட்டமும் பாதியாகிவிடும் 120 வோல்ட்டில் பாதியைத் தராது. நாலில் ஒரு பங்காகிய 1 கிலோவாட்டையே தரும். அந்தச் சாதாரண பிளக்கில் இணைத்த தொட்டியில் 12 டிகிரியில் நிரப்பிய நீர் 40 டிகிரியை எட்ட இரண்டு முழு நாட்கள் ஆகும். அதுவும் காற்றில் சூடு சிறிதும் வீணாகாதிருந்தால். மூடி திறந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் பறக்கும்போது ஏறக்குறைய 2400 கிலோஜூல் சக்தியைத் தன்னோடு கொண்டு போய்விடுகிறது. அந்தச் சிறிய ஹீட்டர் நாற்பது நிமிஷம் உழைத்துச் சேர்த்தது அவ்வளவும் அந்த ஒரு லிட்டரோடு போய்விடும். ஆதலால் ஹீட்டரைக் குறைகூறுவதற்கு முன், மூடியின் நுரைப்பலகை நீர் ஊறிக் கனத்திருக்கிறதா, குமிழிகளுக்காகக் குளிர்காற்றை உள்ளிழுக்கும் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு ஒன்றும் பல தொட்டிகளில் உண்டு. அதில் வைத்துவிட்டால், வடிகட்டும் வேளையில் மட்டுமே ஹீட்டர் இயங்கும். அறியாமல் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு யந்திரம் கெட்டதென்று வருந்துவோர் உண்டு.

சில சமயம் பிழை உஷ்ணத்தை அளக்கும் உணரியில் இருக்கும். உஷ்ணம் ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆன சிறு மணி அது. இந்த விசித்திர குணத்தை மைக்கேல் பாரடே 1833-ஆம் ஆண்டிலேயே வெள்ளி சல்பைடில் கண்டார்; சூடேறினால் உலோகங்களின் மின்தடை அதிகரிக்கும் என்பதற்கு நேர்மாறான அந்தக் காட்சி, பிற்காலத்துக் குறைகடத்தி விஞ்ஞானத்தின் முதல் அறிகுறிகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. உணரி தளர்ந்து, நீர் 30 டிகிரியில் இருக்கையில் 40 என்று அறிவித்தால், ஹீட்டர் தன் வேலை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். ஒரு சாதாரண வெப்பமானியை நீரில் விட்டுப் பலகையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டாலே இந்தப் பொய் வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவையும் கழித்த பிறகே சுருளைச் சந்தேகிப்பது நியாயம். நிக்ரோம் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்னும் பொடியை இறுக அடைத்து, வெளியே உலோக உறை போர்த்தியது அந்தச் சுருள். மின்சாரத்தைக் கடத்தாமல் உஷ்ணத்தை மட்டும் எளிதில் கடத்தும் அரிய குணம் அந்தப் பொடிக்கு உண்டு. சுருளின் பகைவர்கள் இருவர். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் பிரிந்து சுண்ணாம்புப் படிவாக உறையின்மேல் ஒட்டிக்கொள்வதால், உஷ்ணம் நீருக்குப் போக வழியின்றி உள்ளேயே தேங்கிக் கம்பியை எரித்துவிடுவது ஒன்று. நீரில் அமிலத்தன்மை மிகுந்து உறையை அரித்துவிடுவது மற்றொன்று. நீரின் பிஎச் அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைக்கும்படி சொல்வது இந்த இருவரையும் உத்தேசித்தே. கம்பி அறுந்ததா என்பதை, மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து இணைப்பைக் கழற்றியபின், மின்பணியாளர் மல்டிமீட்டரால் அறிவார். 240 வோல்ட்டுக்கான 5.5 கிலோவாட் சுருள் நல்ல நிலையில் இருந்தால் ஏறக்குறைய பத்தரை ஓம் காட்டும். அறுந்திருந்தால் முடிவிலியைக் காட்டும்.

உறை அரிக்கப்பட்டு நீர் உள்ளே புகுந்தால் வேறோர் அறிகுறி தோன்றும். ஹீட்டர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பிரேக்கர் விழுந்துவிடும். இதைச் செய்யும் சாதனமும் அதே பெர்க்லி நகரில் பிறந்ததுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல், மின்கம்பியைப் பற்றிய கை அதை விடமுடியாமல் ஒட்டிக்கொள்வது எத்தனை மின்னோட்டத்தில் என்பதைத் தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு பொறுமையாக ஆராய்ந்து, 1961-இல், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லாத க்ஷணத்திலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை அமைத்தார். அமெரிக்காவில் அது 5 மில்லிஆம்பியர் அளவிலான கசிவுக்கே விழித்துக்கொள்ளும். தொட்டியில் மனிதர் நனைந்த உடம்போடு அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்தக் கருவியின் மகத்துவம் விளங்கும்.

இதனால்தான், சூடு வேண்டுமென்ற அவசரத்தில் ஓட்ட சுவிட்சையோ உச்சவரம்பு சுவிட்சையோ ஒரு துண்டுக் கம்பியால் குறுக்கே இணைத்து 'சரிசெய்துவிடும்' வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். விழுந்த உச்சவரம்பு சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் காரணத்தைத் தேடவேண்டுமேயன்றி, அழுத்திக்கொண்டே இருக்கலாகாது. நம் வீட்டுக் குளியலறைகளில் சுவரில் தொங்கும் கீசருக்குள்ளும் இதே சுருளும், இதே சுண்ணாம்புப் படிவும், 'கட்அவுட்' என்று வழங்கும் இதே உச்சவரம்பு சுவிட்சும்தான் இருக்கின்றன. ஆகவே அது சூடேறாதபோது பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ கட்அவுட்டை நீக்கி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மீட்டர் பெட்டிக்கு அருகே 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இருந்தால் அதன் பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.