கடலிற் கைவிளக்கு

சோழநாட்டுக் கடற்கரையில், அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது காரைக்கால். அதன் வடபால் மண்டபத்தூர் முதல் தென்பால் பட்டினச்சேரி வரை மீனவர் சிற்றூர்கள் பல உள்ளன. ஊரார் உறங்கும் வேளையில் இம்மக்கள் படகேறிக் கடல்மேற் செல்வர்.

பண்டு இவர்கள் பெரிதும் கட்டுமரத்திற் சென்றனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஃபைபர் படகுகள் மிகுந்தன. எதுவாயினும், நீர்மட்டத்திற்கு மேல் அது உயர்ந்து நிற்பது சிறிதளவே. இரவில் அலைகளுக்கிடையே அது கண்ணுக்குப் புலப்படாது. கப்பலிலுள்ள ராடார் கருவியும் அதனைத் தவறவிடக்கூடும். மரமும் ஃபைபரும் ராடார் அலைகளை நன்கு திருப்பி அனுப்புவதில்லை.

2009ஆம் ஆண்டு முதல் வாஞ்சூரை அடுத்த துறைமுகத்திற்குப் பெருங்கப்பல்கள் வருகின்றன. கப்பலின் விளக்குகளைக் காணும் படகினர், “கப்பல் நமக்குத் தெரிகின்றது, ஆதலின் நாமும் கப்பலுக்குத் தெரிவோம்” என்று கருதுதல் கூடும். அக்கருத்தே பேரிடருக்கு வித்தாகும். மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல், 2 கடல்மைல் தொலைவை 8 நிமிடங்களில் கடந்துவிடும். அது நினைத்தவுடன் நிற்காது. வலை விரித்த படகும் விரைந்து விலக இயலாது.

இவ்விடரைத் தவிர்க்கவே 1972ஆம் ஆண்டில் உலக நாடுகள் கடல் விதிகளை வகுத்தன. அவற்றின்படி, கலத்தின் இடப்புறம் செவ்விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் ஒளிர வேண்டும். இரண்டும் ஒருங்கே தோன்றினால், அக்கலம் நம்மை நோக்கியே வருகின்றது என்று அறியலாம். 12 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகில், இவற்றோடு எல்லாத் திசைக்கும் தெரியும் வெண்விளக்கு ஒன்று போதும். அது 2 கடல்மைல் தொலைவிற்குத் தெரிதல் வேண்டும். துடுப்பால் செலுத்தும் படகினர், வெண்ணிற ஒளி தரும் கைவிளக்கையேனும் ஆயத்தமாக வைத்திருந்து, மோதல் நேராவண்ணம் உரிய காலத்திற் காட்டுதல் வேண்டும். கப்பல் அருகில் வந்தபின் காட்டும் விளக்கால் பயனில்லை.

கைவிளக்கை எதிரே வருவோர் கண்ணில் இடைவிடாது பாய்ச்சுதல் கூடாது. இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால், மீண்டும் நன்கு பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். தம் பாய்மீதும் படகின்மீதும் ஒளி வீசினால், படகின் உருவம் தெளிவாகத் தோன்றும். விளக்கை நீர் புகாத உறையிலிட்டுக் கயிற்றால் பிணைத்தல் நன்று. ஒளி பட்டால் மின்னும் பட்டைகள் தைத்த உயிர்காப்புச் சட்டையை அணிதலும், திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதலும் இன்றியமையாதன. இடர் நேர்ந்தால் 1554 என்னும் எண்ணில் கடலோரக் காவற்படையை அழைக்கலாம்.

மாணவர்களே! இருளிற் பிறரைக் காண்பது பாதிக் காவலே. பிறர் நம்மைக் காணச் செய்வது மறுபாதி. தந்தையார் கடலுக்குப் புறப்படும்போது, “விளக்கு எரிகின்றதா?” என்று ஒருமுறை கேளுங்கள். அச்சிறு வினா ஒரு குடும்பத்தைக் காக்கும்.