கடல் தந்த கல்லில் இறையில்லங்கள்



நமது நாட்டின் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் சிதறிக் கிடக்கும் மாலைதீவில் சுமார் 1200 தீவுகள் உள்ளன. அங்கே மலையுமில்லை, கருங்கல்லுமில்லை. ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) மன்னரும் மக்களும் இஸ்லாத்தைத் தழுவினர். பின்னாளில் அல்லாஹ்வின் இல்லங்களை எழுப்ப அவர்கள் கல் தேடியது கடலுக்குள்ளேதான்.

முருகைக்கல் ஈரமாய் இருக்கையில் மென்மையானது, காய்ந்தால் இறுகிவிடும். அதனை வெட்டிச் செதுக்கி, சாந்து எதுவுமின்றி, தச்சர் மரத்தை மூட்டுவது போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தினார்கள். தலைநகர் மாலேயில் ஸுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் 1658இல் கட்டிய ஜும்ஆப் பள்ளிவாசல் இவற்றுள் பிரசித்தமானது. அதன் மனாரா 1675இல் எழுந்தது. சுற்றியுள்ள மையவாடியின் மீஸான் கற்களும் முருகைக்கல்லே. கூரிய உச்சியுடையது ஆணுக்கு, வளைந்தது பெண்ணுக்கு.

இப்பள்ளிவாசலில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. கட்டடம் நேர் மேற்கை நோக்கியது. கிப்லாவோ அங்கிருந்து வடமேற்கே சாய்ந்திருக்கிறது. பழைய அடித்தளத்தின் மீது கட்டியதே காரணம் என்பர். அம்மக்கள் கட்டடத்தை இடிக்கவில்லை, கிப்லாவையும் விடவில்லை. ஸஃப்புகளைச் சாய்வாக அமைத்து, மூலையை முன்னோக்கித் தொழுதார்கள். நம் ஊர்களிலோ இடம் போதவில்லை என்றதும் முதலில் கேட்பது கடப்பாறைச் சத்தம்தான். நான் சிறுவயதில் ஓதிய பள்ளிவாசலின் மரத்தூண்கள் இன்று எங்கே என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. விசாலமான பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் கட்ட வழியுண்டா என்று ஒருமுறையேனும் நாம் மஷூரா செய்தோமா?

மாலைதீவிலும் எல்லாம் தப்பவில்லை. மாலேயின் களுவகரு பள்ளிவாசல் கழற்றப்பட்டு வேறிடம் சென்றது. திரும்பி வந்து பூங்காவொன்றில் பொருத்தப்பட்டது. 2017இல் மறுபடியும் கழற்றப்பட்டது. ஆயினும் இஹவந்தூ, பென்புஷி, இஸ்தூ போன்ற தூரத் தீவுகளின் பள்ளிகளும் மாலே பள்ளியுமாக ஆறு இடங்களை உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் 2013இல் அவர்கள் சேர்த்தார்கள்.

மாலைதீவில் காழியாக இருந்த இப்னு பதூதா 1344இல் அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தார். நீங்கள் மாலே செல்ல நேர்ந்தால், அந்த ஜும்ஆப் பள்ளியில் ஸஃப்பின் கோடுகள் சுவரோடு சேராமல் சாய்ந்து போவதைச் சற்று நின்று பாருங்கள்.